தைக்காமல் ஃபிளீஸ் போர்வை: முடிச்சா, துளையா?

ஓடைக்கரை | மினியாபொலிஸ்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வார இறுதித் தமிழ்ப் பள்ளியில பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்தக் குளிர்காலத்துல கையால ஏதாவது செஞ்சு கொடுக்கணும்னு ஆசைப்படுறாங்க. ஆஸ்பத்திரியில இருக்கிற குழந்தைகளுக்குப் போர்வை செஞ்சு புராஜெக்ட் லைனஸ் அமைப்புக்குக் கொடுக்கலாம்னு முடிவாகியிருக்கு. தையல் மெஷின் கிடையாது. ஊசி பிடிக்கத் தெரிஞ்ச பெற்றோரும் கம்மி. அதனால ரெண்டு ஃபிளீஸ் துணியை (மெத்துன்னு ரோமம் வெச்ச பாலியஸ்டர் துணி) ஒண்ணு மேல ஒண்ணு விரிச்சு, ஓரத்தைக் கீற்று கீற்றா வெட்டி, மேல் கீற்றையும் கீழ்க் கீற்றையும் சேர்த்து முடிச்சுப் போடுவாங்களே, அந்த முறைதான் எங்களுக்குச் சரிப்படும்.

மாதிரிக்கு ஒண்ணு பிள்ளைகளே கட்டிப் பார்த்தாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓரம் முழுக்கச் சுருங்கி, நடுவுல துணி கிண்ணம் மாதிரி குழிஞ்சு நிக்குது. தரையில தட்டையா படுக்க மாட்டேங்குது. எதனால? துணி எவ்வளவு வாங்கணும், கீற்று எவ்வளவு நீளம், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


மினசோட்டா மாமி | செயின்ட் பால்

நல்ல காரியம் ஓடைக்கரை. எங்க பேட்டை நூலகத்துல வருஷா வருஷம் இதை நடத்தறோம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். பொறுத்துக்கோங்கோ.

மொதல்ல உங்க சுருக்கம். ரெண்டு காரணம்தான் இருக்கும். ஒண்ணு, பிள்ளைகள் ஷூ லேஸ் கட்டற மாதிரி முடிச்சைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கியிருப்பா. முடிச்சு துணியோட ஓரத்தைத் தொட்டு உட்கார்ந்தா போதும். அதுக்கு மேல இழுக்கற ஒவ்வொரு இழுப்பும் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே வாங்கும். நடுத் துணி அப்படியே இருக்கும், சுத்தளவு குறைஞ்சுடும், கிண்ணமாகாம என்ன செய்யும்? இன்னொண்ணு, கீற்று அகலமா இருந்திருக்கும். வேலை சீக்கிரம் முடியட்டும்னு ஒன்றரை, ரெண்டு அங்குலத்துல வெட்டிடுவா. ரெண்டு அங்குலத் துணியை ஒரு முடிச்சுக்குள்ள திணிச்சா அந்த ரெண்டு அங்குலமும் அரை அங்குலமா சுருங்கத்தான் செய்யும். ஒரு அங்குலத்துக்கு மேல போகாதீங்கோ.

துணி வாங்கறச்சே லேபிள்ல "ஆன்டி-பில்" னு இருக்கான்னு பார்த்து வாங்குங்கோ. மலிவா கிடைக்கறதேன்னு மத்ததை வாங்கினா, கொஞ்சம் துவைச்சதுமே மேலெல்லாம் உருண்டை உருண்டையா திரண்டுடும். அகலம் சாதாரணமா 58லேர்ந்து 60 அங்குலம் வரும். நீளம், டீனேஜ் பிள்ளைக்கு ஒரு பக்கத்துக்கு 2 கெஜம், எட்டு பத்து வயசுக்கு ஒன்றரை, சின்னதுகளுக்கு ஒண்ணு. ரெண்டு அடுக்குங்கறதால அதை ரெட்டிப்பா வாங்கணும். ஒரு பக்கம் படம் போட்டது, மறுபக்கம் வெறும் நிறம். அதுதான் பார்க்க அழகு. முன்னெல்லாம் கண்ணை மூடிண்டு ஜோஆன் துணிக்கடைக்குப் போயிடுவோம். 2025 மே மாசத்தோட அது எல்லா ஊர்லயும் மூடியாச்சு. இப்போ ஹாபி லாபி, வால்மார்ட், மைக்கேல்ஸ்னு ஒவ்வொண்ணா தேடித்தான் வாங்கறோம். ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா மொதல்ல ஒரே ஒரு கெஜம் வரவழைச்சுக் கையால தொட்டுப் பார்த்துட்டு மிச்சத்தை வாங்குங்கோ.

வெட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம். துணியோட ரெண்டு கரையிலயும் விறைப்பா, ஊசித்துளையோட, சிலதுல எழுத்தோட ஒரு பட்டை இருக்கும். அதை வெட்டி எறிஞ்சுடணும். ரெண்டாவது, எது மேல்பக்கம்னு தெரியலைன்னா வெட்டின ஓரத்தைப் பிடிச்சு அகலவாக்குல இழுங்கோ. ஓரம் எந்தப் பக்கமா சுருள்றதோ அது உள்பக்கம். மூணாவதுதான் நெறைய பேர் கவனிக்காதது. ஃபிளீஸ் அகலவாக்குல நன்னா இழுபடும், நீளவாக்குல அவ்வளவு இழுபடாது. ரெண்டு துணியையும் ஒரே வாக்குல போடணும். ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படின்னு போட்டேளோ, முடிச்சு எவ்வளவு பதமா போட்டாலும் போர்வை அலை அலையா நெளியும்.

அப்புறம் நாலு மூலையிலயும் கீற்று நீளத்துக்குச் சமமா ஒரு சதுரம் வெட்டி எடுத்துடணும். 5 அங்குலக் கீற்றுன்னா 5க்கு 5. இதை எடுக்கலைன்னா மூலையில ரெண்டு பக்கத்துக் கீற்றும் ஒண்ணோட ஒண்ணு மோதிண்டு குப்பையா நிக்கும்.


சும்மா_ஒருத்தன் | கோவை

எதுக்குங்க இவ்ளோ பாடு? கடையில ரெடிமேட் போர்வை இதைவிட மலிவு. இல்லேன்னா ஊருக்கு வரும்போது சென்னிமலையில நாலு போர்வை வாங்கிட்டுப் போங்க, தறியில நெய்தது, காலத்துக்கும் வரும்.


ஓடைக்கரை | மினியாபொலிஸ்

சென்னிமலைப் போர்வை எங்க வீட்லயும் இருக்குங்க, கோடையில அதுதான். இங்க ஜனவரியில மைனஸ் 20க்குக் கீழ இறங்கும். அதோட, வாங்கிக் கொடுக்கிறதை இந்த அமைப்பு எடுத்துக்காது. புதுசா இருக்கணும், கையால செஞ்சதா இருக்கணும், மெஷின்ல துவைக்க முடியணும். பிள்ளைகளோட நோக்கமும் அதுதான்.


பொறியாளன்77 | மாசசூசெட்ஸ்

கணக்கு பேசலாமா? 2 கெஜம்னா 72 அங்குலம். கரையையும் கோணல் ஓரத்தையும் நறுக்கின பிறகு 58க்கு 70 நிக்கும்னு வைங்க. 5 அங்குலக் கீற்று நாலு பக்கமும் போனா முடிச்சு விழுற ஓரம் 48ம் 60ம். சுத்தி வந்தா 216 அங்குலம். அதாவது 216 முடிச்சு! ஒரு முடிச்சுக்கு அரை நிமிஷம்னாலும் ஒரு ஆளுக்கு ஏறக்குறைய ரெண்டு மணி நேரம். ஒன்றரை கெஜத்துல செஞ்சா 180 முடிச்சு, ஒரு கெஜத்துல 144. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒன்றரை கெஜமே தாராளம். பெரிய போர்வை கொடுத்தா பெரிய மனசுன்னு அர்த்தமில்லை, அதைத் துவைக்கிறவங்களையும் நினைங்க. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) துணி ரெண்டு அடுக்குன்னா, 2 கெஜப் போர்வை ஒன்றரைக் கிலோவுக்கு மேல வரும்.

முடிச்சு விஷயம். வலதை இடதுக்கு மேல போட்டு ஒரு சுத்து, அடுத்தது இடதை வலதுக்கு மேல போட்டு ஒரு சுத்து. இப்படி மாத்திப் போட்டா முடிச்சு தட்டையா உட்காரும், அவிழாது. ரெண்டு தடவையும் வலதையே மேல போட்டா முடிச்சு குறுக்கா திரும்பி நிக்கும், துவைக்கத் துவைக்க நழுவும். பிள்ளைகளுக்கு முதல் அரை மணி நேரம் இதை மட்டும் பழக்குங்க.

இன்னொண்ணு: ஒரு மூலையில ஆரம்பிச்சு வரிசையா சுத்தி வராதீங்க. கடைசி மூலைக்கு வரும்போது மேல் துணியும் கீழ்த் துணியும் ஒண்ணுக்கொண்ணு நகர்ந்து கீற்று பொருந்தாம போகும். நாலு மூலையிலயும் ஒவ்வொண்ணு, நாலு பக்க நடுவிலயும் ஒவ்வொண்ணுன்னு முதல்ல எட்டு முடிச்சு போட்டு நிறுத்துங்க. அப்புறம் ஒண்ணு விட்டு ஒண்ணு கட்டிட்டு, போர்வையைத் திருப்பிப் போட்டு விட்டதைக் கட்டுங்க. முடிச்சு ரெண்டு பக்கமும் மாறி மாறித் தெரியும், இழுவிசையும் பரவிடும்.

ஒரு உபரித் தகவல். நான் இருக்கிற இடத்துலேர்ந்து லாரன்ஸ் ஊர் பக்கம். 1979ல மால்டன் மில்ஸ் போலார் ஃபிளீஸை உருவாக்கினது அங்கதான். 1995 டிசம்பர் 11 ராத்திரி அந்த ஆலை பத்தி எரிஞ்சது. முதலாளி ஆரன் ஃபயர்ஸ்டைன், வேலை இல்லாம நின்ன ஆட்களுக்கும் மாசக்கணக்கா சம்பளம் கொடுத்தார். கம்பெனி 2001ல திவாலானது வேற கதை. இங்க பழைய ஆளுங்க இன்னும் அவரைப் பத்திப் பேசுவாங்க.


மினசோட்டா மாமி | செயின்ட் பால்

அட, 1995 டிசம்பரா! புராஜெக்ட் லைனஸ் ஆரம்பிச்சதுக்கு வித்து விழுந்ததும் அதே மாசம்தான். டென்வர்ல கேரன் லூக்ஸ்னு ஒருத்தர், கீமோதெரபி எடுத்துண்ட ஒரு குழந்தை தன் போர்வையை விடாம பிடிச்சிண்டிருந்ததைப் பத்திப் பத்திரிகையில படிச்சுட்டு, புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் போர்வை கொடுக்க ஆரம்பிச்சா. பேர் வந்தது பீனட்ஸ் சித்திரத் தொடர்ல எப்பவும் போர்வையும் கையுமா வர லைனஸ் பையன்கிட்டேர்ந்து. அதை வரைஞ்ச சார்லஸ் ஷூல்ஸ் பொறந்தது உங்க மினியாபொலிஸ், வளர்ந்தது எங்க செயின்ட் பால். பிள்ளைகள்கிட்ட சொல்லுங்கோ, சந்தோஷப்படுவா.


ஸ்காபரோ ஆச்சி | டொரொன்டோ

எல்லாரும் முடிச்சு முடிச்செண்டு நிக்கிறியள். நான் வேற மாதிரிச் சொல்லப்போறன், கோவிக்காதேங்கோ.

முடிச்சுப் போட்ட போர்வை பாக்கத்தான் வடிவு. படுக்கேக்க கழுத்தடியில அந்த முடிச்செல்லாம் உறுத்தும். நோயாளிப் பிள்ளை, கையில ஊசி ஏத்தின குழாய் இருக்கும், தோலும் மெல்லிசாப் போயிருக்கும். அதுக்கு முடிச்சு சரிவராது. நாங்கள் கோயில் மண்டபத்தில செய்யேக்க துளை முறைதான் செய்யிறனாங்கள். கீற்று 3 அங்குலம் காணும். ஒவ்வொரு சோடிக் கீற்றின்ர அடியிலயும், ஓரத்தில இருந்து அரை அங்குலம் தள்ளி, ரெண்டு துணியையும் சேர்த்துச் சின்னதா ஒரு கீறல் வெட்டுங்கோ. பிறகு கீற்றின்ர நுனியை மடிச்சு அந்தக் கீறலுக்குள்ளால பின்னுக்கிருந்து முன்னுக்கு இழுத்து விடுங்கோ. விரல் போகாட்டி குரோஷே ஊசியால இழுக்கலாம். முடிச்சே இல்லை. ஓரம் தட்டையா, குஞ்சம் விட்ட மாதிரி நிக்கும். சுருங்கிறதும் குறைவு. 5 அங்குலம் போற இடத்தில 3 அங்குலந்தான் போறதால போர்வையும் பெரிசா வரும்.

இன்னும் சொன்னால், ரெண்டு அடுக்கும் தேவையில்லை. தடிச்ச ஃபிளீஸ் ஒண்டு போதும், ஒத்தை அடுக்கிலயே இப்பிடிச் செய்யலாம். ஆஸ்பத்திரிக்குள்ள சூடாத்தானே இருக்கும்.


மினசோட்டா மாமி | செயின்ட் பால்

ஆச்சி சொல்றது போர்வையைப் பொறுத்தவரை சரி. ஆனா பன்னெண்டு வயசுப் பையன் கையில கத்தரியைக் கொடுத்து நூத்தியெண்பது கீறல் போடச் சொல்லிப் பாருங்கோ. ஒரு கீறல் கொஞ்சம் பெரிசா போச்சுன்னா கீற்றே அத்துண்டு வந்துடும். முடிச்சுல தப்பு வந்தா அவிழ்த்துக் கட்டலாம், வெட்டினதை ஒட்ட முடியுமோ? நூலகத்துல நாங்க முடிச்சை விடாம வெச்சிருக்கறதுக்கு அதுதான் காரணம். தனியா ஆத்துல உட்கார்ந்து பண்றவாளுக்குத் துளைதான் உசத்தி.


ஸ்காபரோ ஆச்சி | டொரொன்டோ

கீறலைப் பெரியாக்கள் வெட்டிக் குடுத்திட்டால் பிள்ளையள் இழுத்து விடுறதுதானே? மடிச்ச நிலையில கீற்றின்ர அடியில கத்தரி நுனியால ஒருக்கா நறுக்கினால் அரை அங்குலக் கீறல் விழும். அளக்கவும் தேவையில்லை.


ஓடைக்கரை | மினியாபொலிஸ்

ஆச்சி, குழாய் விஷயம் எனக்குத் தோணவே இல்லை. நன்றி. வெட்டுற வேலையை முதல் நாளே பெற்றோர்கள் முடிச்சிடலாம்னு பார்க்கிறேன். சாதாரணக் கத்தரிக்கோல் போதுமா? ரெண்டு அடுக்குல நேரா வெட்ட ஏதாவது வழி?


மினசோட்டா மாமி | செயின்ட் பால்

சுவருக்குப் பெயிண்ட் அடிக்கறச்சே ஒட்டற நீல டேப் இருக்கே, அதை ஓரத்திலேர்ந்து கீற்று நீளத்துக்கு உள்ளே தள்ளி நாலு பக்கமும் ஒட்டிடுங்கோ. வெட்டிண்டே போய் டேப் வந்ததும் நிறுத்திடணும். சாக்குக்கட்டி, கோடு எதுவும் வேண்டாம். டேப்ல அங்குலத்துக்கு அங்குலம் பேனாவால புள்ளி வெச்சுட்டா அகலமும் சரியா வரும். வேலை முடிஞ்சதும் உரிச்சா பிசுக்கில்லாம வந்துடும்.

கத்தரி, டெய்லர் கத்தரிதான். சமையல்கட்டுல பால் பாக்கெட் வெட்டறதைக் கொண்டு வந்தா துணியை மென்னு துப்பும். உருளைக் கத்தியும் (சக்கரம் மாதிரி உருட்டி வெட்டறது) வெட்டுப் பலகையும் வெச்சிருக்கறவா யாராவது இருந்தா கூப்பிடுங்கோ, பாதி நேரத்துல முடிஞ்சுடும். 45 மில்லிமீட்டர் பிளேடு ரெண்டு அடுக்கையும் ஒரே இழுப்புல வெட்டும். அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டவே விடாதீங்கோ.


ஊட்டி_குளிர் | உதகமண்டலம்

எங்க ஊர்லயும் குளிருக்குக் குறைவில்லைங்க. என் பொண்ணு இந்த மாதிரி வீடியோ பார்த்துட்டுச் செய்யணும்ங்கிறா. திருப்பூர்ல ஃபிளீஸ் துணி கிடைக்கும்னு சொந்தக்காரர் சொன்னார். சொல்லி வாங்கிடலாமா?


காதர்பேட்டைக்காரன் | திருப்பூர்

அவசரப்படாதீங்க! திருப்பூர்ல வந்து ஃபிளீஸ்னு கேட்டா கடைக்காரர் எடுத்துப் போடறது வேற துணி. நாங்க ஃபிளீஸ்னு சொல்றது ஸ்வெட்ஷர்ட் தைக்கிற மூணு நூல் ஃபிளீஸ். பருத்தி, இல்லேன்னா பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது. ஒரு பக்கம் பனியன் துணி மாதிரி வழவழன்னு இருக்கும், உள்பக்கத்தை மட்டும் பிரஷ் ஓட்டிப் பஞ்சு கிளப்பியிருப்பாங்க. அதை வெட்டினா ஓரம் சுருட்டிக்கும், வெட்டின இடத்துல பஞ்சா உதிரும். தைக்காம விட்டா ஒரு சலவைக்கு நிக்காது.

இவங்க பேசறது போலார் ஃபிளீஸ். முழுக்கப் பாலியஸ்டர். பின்னி முடிச்சு ரெண்டு பக்கமும் ரோமம் கிளப்பி, சமமா வெட்டி விட்டிருப்பாங்க. அந்த ரோமம் பின்னலுக்குள்ள கவ்விக்கிட்டு நிக்கறதாலதான் வெட்டின ஓரம் பிரியறதில்லை. லூதியானா, பானிபட் பக்கத்துலேர்ந்து வரும். கேட்கும்போது "போலார், ரெண்டு பக்கமும் பிரஷ், ஆன்டி-பில்" னு முழுசாச் சொல்லுங்க. இங்க மீட்டர் கணக்குல தர மாட்டாங்க, கிலோ கணக்குதான். ஒரு கிலோவுல எத்தனை மீட்டர் வரும்ங்கிறது ஜிஎஸ்எம்மையும் அகலத்தையும் பொறுத்தது. 60 அங்குல அகலம், 250 ஜிஎஸ்எம்னா மீட்டருக்கு ஏறக்குறைய 380 கிராம் ஓடும். அதை வெச்சு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

கொஞ்சமா வேணும்னா இன்னொரு வழி. ஏற்கெனவே போர்வையாவே விக்கிற ஒத்தை அடுக்கு போலார் ஃபிளீஸ் வாங்கி, ஓரத் தையலை வெட்டி எறிஞ்சுட்டு, ஸ்காபரோ அம்மா சொன்ன துளை முறையைப் போடுங்க. துணி தேடி அலைய வேண்டாம்.


பொறியாளன்77 | மாசசூசெட்ஸ்

ஊட்டிக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. அங்க கணப்பு, கரி அடுப்பு வைக்கிற வீடுகள் உண்டு. பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டும். தீப்பொறி தெறிக்கிற இடத்துல இதைப் போத்திக்கிட்டு உட்கார வேண்டாம். அங்க கம்பளிதான் உத்தமம்.


பச்சை_மரம் | கலிபோர்னியா

எல்லாரும் சந்தோஷமா பேசும்போது குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். இது அத்தனையும் பிளாஸ்டிக் துணி. 2016ல கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தோட சான்டா பார்பரா வளாகத்துல ஃபிளீஸ் ஜாக்கெட்டுகளைத் துவைச்சுப் பார்த்து, ஒரு சலவைக்குச் சராசரியா 1.7 கிராம் நுண்ணிழை கழிவுநீர்ல போகுதுன்னு கணக்கிட்டாங்க. போர்வை ஜாக்கெட்டைவிடப் பெரிசு. பிள்ளைகளுக்குச் சேவை சொல்லித் தர்றோம்னு இதையும் சேர்த்துக் கொடுக்கணுமா? பருத்தி ஃபிளானல்ல செய்யலாமே.


மினசோட்டா மாமி | செயின்ட் பால்

ஃபிளானல் நெய்த துணி, வெட்டினா நூல் பிரியும். தைக்காம முடியாது. ஓடைக்கரை கேட்டது தைக்காத வழி.


பச்சை_மரம் | கலிபோர்னியா

அப்போ "தைக்காம" ங்கிறதுக்காகத்தான் பிளாஸ்டிக்குன்னு ஆகுது இல்லையா?


காதர்பேட்டைக்காரன் | திருப்பூர்

ஆமாங்க, அப்படித்தான். துணித் தொழில்ல இருக்கிறவன்ங்கிற முறையில ஒத்துக்கிறேன். ஆனா பருத்தி ஒண்ணும் சும்மா வர்றதில்லை. நொய்யல் ஆத்துல சாயத் தண்ணி ஓடினதை ஊரே பார்த்திருக்கு. எந்தத் துணியா இருந்தாலும் வாங்கினதை நெடுநாள் வெச்சுக்கறதுதான் எங்க கையில இருக்கு. இழை உதிர்றதைக் குறைக்கணும்னா அடிக்கடி துவைக்காதீங்க, பச்சைத் தண்ணியில, மெஷின் நிறையப் போட்டு, கம்மி நேரத்துல துவைங்க. பாதி மெஷின்ல போட்டா துணி அதிகமா உராயும். சாஃப்ட்னர் ஊத்தவே கூடாது, ரோமம் படிஞ்சு போயிடும். இஸ்திரிப் பெட்டி பக்கத்துல கொண்டு போகாதீங்க.


பச்சை_மரம் | கலிபோர்னியா

பச்சைத் தண்ணி, நிறைச்ச மெஷின் வரைக்கும் சரி. குறைந்தபட்சம் அந்த வெட்டின மூலைச் சதுரங்களையும் கரையையும் குப்பையில போடாம இருங்க.


ஸ்காபரோ ஆச்சி | டொரொன்டோ

அதுகளை எறியிறேல்லை. சின்னத் தலையணைக்குள்ள அடைக்கலாம், நாய் இருக்கிற வீட்டுக்காரர் மூண்டு கரைப்பட்டியைச் சேர்த்துப் பின்னி நாய்க்கு விளையாடக் குடுப்பினம்.

ஓடைக்கரை, முக்கியமான ஒரு விஷயம். ஒரு வயசுக்குக் குறைஞ்ச குழந்தையளுக்கு இந்தக் குஞ்சம் வைச்ச போர்வை செய்யாதேங்கோ. தொட்டில்ல தளர்ந்த போர்வையே போடக் கூடாதெண்டுதான் இஞ்ச டொக்டர்மார் சொல்லுறவை. கீற்றை வாயில வைச்சுச் சப்பும், விரல்லயும் சுத்திக்கொள்ளும். சின்னனுக்குச் செய்ய விருப்பமெண்டால் ஒத்தை அடுக்குத் துணியை எடுத்து மூலையை வட்டமா வெட்டி, ஓரத்தை அப்பிடியே விடுங்கோ. ஃபிளீஸ் பிரியாதுதானே. தாய் மடியில வைச்சிருக்கேக்க போத்தட்டும்.


ஊட்டி_குளிர் | உதகமண்டலம்

ஆச்சி, அப்போ ஒண்ணுமே செய்யாம வெறுமனே வெட்டி வெச்சாலே போர்வைதானே? இதுக்கா இவ்வளவு நேரம் பேசினோம்? 😄


ஸ்காபரோ ஆச்சி | டொரொன்டோ

ஓம் மோனை, உண்மைதான். ஆனா உங்கட மகள் வெட்டுறதோட விடுவாளே?


ஓடைக்கரை | மினியாபொலிஸ்

எல்லாருக்கும் நன்றி. பெற்றோர் குழுவுல பேசி முடிவெடுத்தாச்சு. எல்லாமே ஒன்றரை கெஜ அளவு, ஒரு அங்குலக் கீற்று. பெரிய பசங்க மேசையில துளை முறை, கீறலைப் பெற்றோரே வெட்டிக் கொடுப்பாங்க. சின்னவங்க மேசையில முடிச்சு, ஆனா இறுக்காம. ஒரு போர்வைக்கு நாலு பேர், பக்கத்துக்கு ஒருத்தர். கைக்குழந்தை அளவு செய்யலை. பச்சை_மரம் சொன்னதையும் பிள்ளைகள்கிட்ட மறைக்காம சொல்லப் போறோம். ஒவ்வொரு போர்வையோடவும் எப்படித் துவைக்கணும்னு ஒரு சீட்டு எழுதி வைக்கிறதை அவங்களே ஏத்துக்கிட்டாங்க.

கொடுக்கிறதுக்கு முன்னாடி நாங்க ஒரு தடவை துவைச்சுக் கொடுக்கணுமா மாமி?


மினசோட்டா மாமி | செயின்ட் பால்

உங்க ஊர்க் கிளைக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுடுங்கோ, கிளைக்குக் கிளை கொஞ்சம் மாறும். எங்க பக்கம் வாசனை இல்லாத சோப்புல ஒரு தடவை அலசிக் கொடுக்கறோம், வெட்டின பஞ்செல்லாம் போயிடும். சிகரெட் புகை, நாய் பூனை முடி ஒட்டின போர்வை கூடாது. நம்மாத்துச் சமையல் வாசனையும் அப்படித்தான், தாளிக்கற அன்னிக்குப் போர்வையைக் கூடத்துல விரிச்சு வெக்காதீங்கோ. குண்டூசி குத்தி துணியை நிறுத்தறவா இருந்தா, எத்தனை குத்தினோமோ அத்தனையும் எண்ணி எடுத்த பிறகுதான் மடிக்கணும். அதுக்குத்தான் நான் குண்டூசியே உள்ளே விடறதில்லை, துணி காயப்போடற கிளிப்புதான்.